போயிலைக்குக் கயிறு கிடையாது

உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா என் வாயை மோந்து பார்த்துத்தான் பெண் கொடுத்தார். பெண் பார்க்கப் போன அன்று, என் சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்தார். காலரைச் சரிசெய்கிற சாக்கில் மூக்கை என் வாய்க்கு நேரே கொண்டுவந்து ஒரு மூச்சு இழுத்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் திரும்பிப் போய் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் நின்ற பெண்களுக்குக் கேட்கும்படி, "போயிலை வாசந்தான். தங்கமான புள்ள" என்றார். அடுத்த நிமிடமே தன் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து என் கையிலும் ஒரு கிள்ளு வைத்தார். கல்யாணம் முடிவாகிவிட்டது.

அன்றைக்கு அவர்கள் வாய்விட்டுக் கேட்டது ஒரே கேள்விதான். "மாப்ளைக்குப் பழக்கம் ஏதும் உண்டுங்களா?" நம் பக்கத்தில் பழக்கம் என்று மொட்டையாகச் சொன்னால் அது குடி மட்டும்தான். பீடியைப் பீடி என்போம், சீட்டைச் சீட்டு என்போம். குடியை மட்டும் பெயர் சொல்லாமல் பழக்கம் என்போம். புகையிலைக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. அது வெற்றிலையோடு வருவது, வெற்றிலை மரியாதையோடு வருவது. "எந்தப் பழக்கமும் இல்லைங்க" என்று உங்கள் பெரியப்பா சத்தியம் செய்தார். நானும் வாயில் போட்டதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பணிவாகத் தலையாட்டினேன்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தம்பி, காலேஜ் பஸ்ஸில் ஒருத்தன் உன்னிடம், "உங்கப்பா பெரிய குடிகாரராமே, கயிறு கட்டி விட்டுட்டாராமே" என்று கேட்டதாகவும் நீ அவன் சட்டையைப் பிடித்ததாகவும் சொன்னாய். சட்டையைப் பிடிக்க வேண்டாம். நடந்ததை எழுதித் தருகிறேன், படித்துக் காட்டு. நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பாப்பா திருத்தட்டும்.

நம் கடை வேலை உங்களுக்குத் தெரியும். எரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்ற வேண்டும். செட்டிகுளத்து வெங்காயக்காரரும் பூலாம்பாடிச் சோளக்காரரும் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவார்கள். பயிர் காய்கிற பதற்றம் அவர்களுக்கு. நானோ சுற்று எண்ண வேண்டும். நாற்பத்தெட்டு சுற்று என்றால் நாற்பத்தெட்டுதான், ஒன்று கூடவும் கூடாது குறையவும் கூடாது. வாயில் புகையிலை இருந்தால் பிரச்சினையே இல்லை. யார் என்ன கேட்டாலும் "ம்" போதும். அவர்களும் கோபிக்க மாட்டார்கள், துப்பிவிட்டு வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். இந்தப் பெரம்பலூரில் எனக்கு நிதானமானவர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசாதவர் என்றொரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது என் சட்டைப்பையில் இருந்த பொட்டலம்.

நம் குடும்பத்தில் பழக்கம் உள்ளவர் என்று முறையாக அறிவிக்கப்பட்டவர் உங்கள் மாமா ஒருவர்தான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். வண்டி ஓட்டாத நாளில் குடிப்பார், குடித்த மறுநாள் நம் வீட்டுக்கு வந்து அக்காவிடம் திட்டு வாங்குவார். அம்மா அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு என்னைக் காட்டிக் காட்டிப் பேசுவாள்.

"ஒம் மச்சானையும் பாரு. அவரும் ஆம்பளதான? ஒரு பழக்கம் உண்டா அவருகிட்ட?"

நான் எலுமிச்சம்பழம் வைத்ததுபோல் உப்பிய கன்னத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, "ம்" என்பேன்.

"அதை வாயத் தொறந்து சொல்லச் சொல்லுக்கா" என்பார் மாமா. திறந்தால் வேட்டி வீணாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

போன வருடம் வெயில் காலத்தில் எனக்கு வாய் எரிய ஆரம்பித்தது. முதலில் வற்றல் குழம்பு எரிந்தது, பிறகு ரசம் எரிந்தது, கடைசியில் இட்லிக்குத் தொட்ட தேங்காய்ச் சட்னியே எரிந்தது. உடம்புச் சூடு என்று அம்மா முடிவு செய்தாள். பதினைந்து நாள் மணத்தக்காளிக் கீரையும் இளநீரும் மோரும் கொடுத்தாள். நான் மோர் குடித்துவிட்டு, வாய் குளுகுளுவென்று இருக்கும்போது ஒரு கிள்ளு போட்டுக்கொள்வேன். பாப்பா, நீதான் ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கெளம்புப்பா" என்று பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

டாக்டரம்மா உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். பேனாவை எடுத்துக்கொண்டு, "அய்யா, பழக்கம் ஏதாவது உண்டா?" என்றார்.

"ஒண்ணும் கிடையாதும்மா."

நீ என் காலை மிதித்தாய்.

"ஏன் பாப்பா மிதிக்கிற? நான் எப்ப குடிச்சேன்?"

"வெத்தலை, போயிலை போடுவீங்களா?" என்றார் டாக்டர்.

"அது போடுவேம்மா. அது பழக்கம் இல்லையே."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ?"

கம்பிச் சுற்றை ஒன்றுவிடாமல் எண்ணுகிற நான் இதை ஒரு நாளும் எண்ணியதில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். "தூங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம், டாக்டர்" என்று நீ முந்திக்கொண்டாய்.

அவர் என் வாயைத் திறக்கச் சொல்லி வெகு நேரம் பார்த்தார். இடது கன்னத்தின் உள்பக்கம், நான் புகையிலை அடக்குகிற இடத்தில், சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு வெள்ளைப் படை இருந்தது. கண்ணாடியில் எனக்கும் காட்டினார். "இது இன்னும் புத்துநோய் இல்லைங்கய்யா. ஆனா ஆகலாம். போயிலை, பாக்கு எல்லாத்தையும் நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க. கொறையலன்னா வெட்டி எடுத்துப் பாக்க வேண்டியிருக்கும். பயமுறுத்தலைங்கய்யா, உள்ளதைச் சொல்றேன்" என்றார். உள்ளதைச் சொன்னதால்தான் பயமாக இருந்தது. மூன்று மாதம். அதற்குள் விட வேண்டும். விடாவிட்டால் கன்னத்தில் கத்தி.

அதோடு தமிழில் அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தார். அதில் என் பெயருக்குக் கீழே, "புகையிலைக்கு அடிமையானவர்" என்ற வரிக்கு நேராக ஒரு டிக் இருந்தது. கன்னத்தை நினைத்து வந்த பயத்தைவிட அந்த டிக்கைப் பார்த்து வந்த கோபம் பெரிதாக இருந்தது. என் அப்பா பத்து வயதிலிருந்து இன்னொருவர் நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். "பண்ணைக்கு இருந்தேன், அடிமையா இருந்ததில்ல" என்று ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவில் வரப்பு கட்டி வைத்திருந்தவர். அவருடைய பிள்ளை நான், மெயின் ரோட்டில் சொந்தப் பெயரில் போர்டு மாட்டிக் கடை வைத்திருக்கிறேன்.

"அம்மா, இந்தச் சொல்லை மட்டும் அடிச்சுக் குடுங்க. வேணும்னா பழக்கம்னு போட்டுக்குங்க."

டாக்டர் கொஞ்சமும் சிரிக்கவில்லை. "சரிங்கய்யா. நாளைக்கு ஒரு நாள் முழுசும் போடாம இருந்துட்டு வாங்க. என் கையாலயே அடிச்சுத் தர்றேன்."

"ஒரு நாள் என்னம்மா, ஒரு வாரம் இருந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நீ ஸ்கூட்டியை எடுக்கப் போனாய். எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் என் கன்னம் உப்பியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கை பைக்குள் போனதும் பொட்டலம் பிரிந்ததும் எனக்குத் தெரியாது. உன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "நாளைக்குத்தான சொன்னாங்க" என்றேன். நீ வண்டியை முறுக்கிக் கிளப்பினாய்.

நாளையும் முடியவில்லை, நாளை மறுநாளும் முடியவில்லை. ஒரு வாரம் இப்படிப் போனதும் உங்கள் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நம் வீட்டில் அவர் அப்படி உட்கார்ந்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

"மச்சான், ஒரு விஷயத்த விடுறதுல எனக்கு இருக்குற அனுபவம் இந்த ஜில்லாவுல யாருக்கு இருக்கு? நாலு தடவ விட்டவன் நான். கயிறு கட்டிடலாம், வாங்க."

அரியலூரைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு மண் பாதையில் இருக்கிறது அந்தக் கோயில். குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய்ச் சாமி முன்னால் சத்தியம் செய்தால், பூசாரி வலது கையில் சிவப்புக் கயிறு கட்டுவார். கயிறு கையில் இருக்கும்வரை தொடக் கூடாது. சுற்று வட்டாரத்தில் அந்தக் கயிறு தெரியாதவர் இல்லை. டாக்டர் சொல்லிக் கேட்காதவன் கயிற்றுக்குக் கட்டுப்படுவான். மாமாவும் துணைக்கு ஐந்தாம் முறையாகக் கட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மனைவிமார் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தவர்கள், கடைசியாக ஒரு முறை குடித்துவிட்டு வந்தவர்கள். என் முறை வந்தது.

"எத்தனை மாசத்துக்கு?" என்றார் பூசாரி.

"மூணு மாசங்க. ஆனா குடிக்கு இல்லைங்க. போயிலைக்கு."

பூசாரி கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். "போயிலைக்குக் கயிறு கெடையாதுங்க."

"ஏங்க?"

"சாமிக்கே சுருட்டு வச்சுப் படைக்கிறோம். அதுக்கு முன்னாடி வந்து நின்னு, நீ திங்கிறத நான் விடுறேன்னா அது என்ன நெனைக்கும்?"

"சாராயமும்தானங்க படைக்கிறீங்க?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "அது வேற டிபார்ட்மெண்ட்" என்றார். பேசும்போதுதான் பார்த்தேன், அவர் கன்னமும் உப்பியிருந்தது.

பின்னால் நின்றவர்கள், "யோவ், வெளையாட வந்தியா? குடிக்கிறவன் நிக்கிறோம்ல, வழிய விடு" என்று சத்தம் போட்டார்கள். மாமா குறுக்கே புகுந்து சமரசம் பேசினார். "பூசாரி, எதுன்னு சொல்லாமப் பொதுவா 'பழக்கம்'னு சொல்லிக் கட்டி விடுங்க. எதைன்னு சாமிக்குத் தெரியாதா?" பூசாரிக்கு அது நியாயமாகப் பட்டது. நான் கற்பூரத்தின் மேல் கையை வைத்து, "இன்னைலேருந்து பழக்கத்த விட்டுட்டேன்" என்றேன். சிவப்புக் கயிறு ஏறியது. அந்த ஒற்றைச் சொல்லில் என்ன மாட்டிக்கொண்டேன் என்பது மறுநாள் கடை திறந்த பிறகுதான் புரிந்தது.

செட்டிகுளத்து வெங்காயக்காரர் மோட்டாரை இறக்கும்போது என் கையைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்களுமா? வெளிய தெரியாமலே வச்சிருந்தீங்களே!" என்றார். டீக்கடைக்காரர் டீயோடு எனக்கு மட்டும் ஒரு பன் வைத்தார். மத்தியானத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "குடி இல்லைங்க, போயிலைக்குக் கட்டுனது" என்று நான் சொன்ன ஒவ்வொருவரும் தோளைத் தட்டிவிட்டு, "சரி சரி, அப்படியே இருக்கட்டும்" என்றார்கள். போயிலைக்குக் கயிறு கிடையாது என்பதுதான் ஊருக்கே தெரியுமே.

உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 'என் புருஷனுக்கு ஒரு பழக்கம் கிடையாது' என்பதுதான் மகளிர் குழுக் கூட்டத்தில் அவளுக்கு இருந்த கிரீடம். இப்போது அந்தப் பெண்களே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருசம் எப்படிடி தாங்குன? ஒரு வார்த்த வெளிய விடலியே" என்று அழுதார்களாம். வீட்டுக்கு வந்தவள் பையைத் தூக்கி எறிந்தாள்.

"குடிச்சிட்டாவது இந்தப் பேர வாங்கியிருக்கலாம்ல நீங்க? அவுருங்க அந்தக் கயித்த!"

"அவுத்தா குடியில திரும்ப விழுந்துட்டான்னு சொல்லுவாங்களே."

அம்மா யோசித்துப் பார்த்தாள். அதுவும் உண்மைதான் என்று தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

ஆனால் உண்மையான ஆபத்து ஊர்ப் பேச்சில் இல்லை, ஊரின் அன்பில் இருந்தது. குடியை விட்டவனுக்கு வாய் நமநமவென்று இருக்கும், கை நடுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மருந்தும் எல்லோருக்கும் தெரியும். "இந்தாங்க, ஒரு போயிலை போடுங்க, அந்த நெனப்பே வராது" என்று ஆளுக்கு ஒரு கிள்ளு நீட்டினார்கள். இத்தனை வருடமும் என் காசில் நான் வாங்கிப் போட்டது. இப்போது என்னைக் காப்பாற்றுவதற்காக ஊரே இலவசமாகக் கொடுத்தது.

வாய் காலியானதும் வேலையும் கெட்டது. யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "மழ வருமாங்க?" என்பார் ஒருவர். "வராதுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்தால் நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்று நினைவிருக்காது. பூலாம்பாடிக்காரர் மோட்டார் மாட்டிய அரை மணியில் புகைந்து திரும்பி வந்தது. அவர் என்னைத் திட்டவே இல்லை. என் விரல்களைத் தன் கையில் எடுத்துப் பார்த்து, "ஆரம்பத்துல நடுங்கத்தான் செய்யும். எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்" என்றார். பிறகு மடியை அவிழ்த்தார். "இதைப் போட்டுக்கிட்டு நிதானமா சுத்துங்க."

இருபத்துமூன்றாவது நாள், நீட்டிய ஒரு கிள்ளை வாங்கிவிட்டேன். கடைக்குப் பின்னால், கம்பி உருவிய மோட்டார் ஓடுகள் அடுக்கி வைத்திருக்கிற இடத்தில் நின்று போட்டேன். தலை கிறுகிறுத்தது. அந்தச் சமயம் பார்த்து உங்கள் மாமா வந்து நின்றார். அவர் அந்த இருபத்துமூன்று நாளும் ஒரு சொட்டுத் தொடவில்லை. அந்தத் தெம்பு அவர் நடையிலேயே தெரிந்தது.

"வாயத் தொறங்க மச்சான்."

நான் "ம்" என்றேன்.

"அந்த 'ம்' எனக்குத் தெரியாதா? தொறங்க."

துப்பிவிட்டு வந்தேன். அக்காவிடம் சொல்லப் போகிறார், இத்தனை வருடத் திட்டுக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு மோட்டார் ஓட்டின் மேல் உட்கார்ந்து என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"நான் குடிச்சா ஊரே சேந்து அடிக்குது. விட்டா ஊரே சேந்து கும்புடுது. ஒங்கள அடிக்கவும் ஆளில்ல, கும்புடவும் ஆளில்ல. ஒத்தையில கெடந்து மாரடிக்கிறீங்க. என்னைக் கேட்டா, மச்சான், பேசாம நீங்க குடிகாரனாவே இருந்திருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் போன் பண்ணி, "இன்னைக்கு?" என்று கேட்பார். நான் "இல்ல" என்பேன். "ஒனக்கு?" என்பேன். "இல்ல" என்பார். அவ்வளவுதான் பேச்சு. சோம்பு, கிராம்பு, நெல்லிக்காய் என்று கண்டதையும் மென்று நாளைத் தள்ளினேன். சுற்று எண்ணும்போது கடை முன்னால் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி, "கம்பிச் சுற்று ஓடுகிறது, பேசாதீர்" என்று அட்டை மாட்டினேன்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது உங்கள் அக்காவின், அதாவது பெரியப்பா மகளின், நிச்சயதார்த்தம் வாலிகண்டபுரத்தில் நடந்தது. பெரியப்பா துபாயில் இருந்து வர முடியாததால் பெண்ணுக்குச் சித்தப்பன் என்ற முறையில் நான்தான் தட்டு மாற்ற வேண்டும். பெரியப்பா போனில் வீடியோவில் இருந்தார். அவரைக் குத்துவிளக்குப் பக்கத்தில் ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். சம்பந்தி ஜெயங்கொண்டம் பக்கத்தில் நல்ல விவசாயக் குடும்பம், பெரிய மீசை, சிறிய குரல். தட்டை மாற்றுவதற்கு முன்னால் அவர் தன் கையாலேயே எனக்கு வெற்றிலை மடித்தார். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து, அதன் மேல் நல்ல கருப்புப் புகையிலையாக ஒரு கிள்ளு. நான் அந்த வாசனையை ஒரு மூச்சு இழுத்துக்கொண்டேன்.

நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

சம்பந்தி கை வெற்றிலையை வாங்காவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். கூடமே என் கையைப் பார்த்தது. சொம்பில் சாய்ந்திருந்த பெரியப்பா, "டேய், வாங்குடா!" என்றார். சம்பந்தி என் கைக் கயிற்றைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து, "கேள்விப்பட்டேங்க, நல்ல காரியம். குடிய விட்டவங்களுக்கு இதுதாங்க ஊன்றுகோல். போடுங்க" என்றார். இதைவிட அன்பாக ஒருவர் பேச முடியாது.

அடுத்த வாரம் டாக்டர். கன்னத்துக்குள் நாக்கால் தடவிப் பார்த்தேன். வாங்கினால் வாயில் போட வேண்டும், போட்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது, அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"சம்பந்தி, எனக்குப் பழக்கம் உண்டுங்க" என்றேன்.

"என்னடா சொல்ற!" என்று துபாய் அலறியது. உங்கள் அம்மா தலையில் கை வைத்தாள்.

"குடி இல்லைங்க. ஒங்க கையில இருக்கே, அதுதாங்க. நான் அதுக்கு அடிமைங்க. இப்ப வாங்குனா என்னால நிறுத்த முடியாது. பொண்ண மறுக்கலைங்க, ஒங்கள மறுக்கலைங்க. வெறும் வெத்தலை ரெண்டு குடுங்க, கண்ணுல ஒத்திக்கிறேன்."

ஆஸ்பத்திரித் தாளில் அடித்துத் தரச் சொன்ன சொல்லை நாற்பது பேர் நடுவில் நானே சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் சிரித்தார். "போயிலைக்கு அடிமையா? அப்ப நாங்கள்லாம் யாருங்க?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இங்க பாருங்க" என்று வாயைத் திறந்து கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினேன். உங்கள் மாமா உடனே செல்போன் டார்ச்சை அடித்தார். சித்தப்பா குனிந்து பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். "எனக்கும் இப்படி ஒண்ணு இருக்கும்போல இருக்கே" என்று தன் வாயைத் திறந்தார். பின்னால் நின்றவர், "தள்ளுங்க, எனக்குப் பாருங்க" என்றார். ஐந்து நிமிடத்தில் இரண்டு வீட்டு ஆண்களும் வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். மாமா லாரி டயர் பார்ப்பதுபோல் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். சம்பந்தி முறை வந்ததும், "ஒங்களுக்கு மச்சானவிடப் பெருசா இருக்குதுங்க" என்றார். சொம்பில் பெரியப்பாவின் முகம் போய் ஒரு பெரிய வாய் மட்டும் தெரிந்தது. "எனக்கும் பாருடா!" போட்டோக்காரர் எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினார்.

உங்கள் அம்மாதான் எழுந்தாள். "நல்ல நேரம் போவுது! நிச்சயம் பண்ண வந்தீங்களா, இல்ல சந்தையில மாடு புடிக்க வந்தீங்களா, ஆளாளுக்குப் பல்லப் புடிச்சிப் பாத்துக்கிட்டு?" கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பந்தி புகையிலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வெற்றிலை மட்டும் கொடுத்தார். தட்டு மாறியது.

அடுத்த வாரம் டாக்டரிடம் நான் தனியாகப் போகவில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து சம்பந்தி வந்து பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் என் படையில் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்றார். மிச்சம் இருந்ததில் கடுகளவு கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட் வரும்வரை நம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, அது உங்களுக்கே தெரியும். கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் காட்ட வேண்டும், ஒரு கிள்ளுகூடத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தொடவில்லை. வேண்டும் என்ற எண்ணம் மட்டும் தினமும் வருகிறது, இதை எழுதும்போதும் வந்தது.

சம்பந்திக்கு எனக்குச் சொன்னதையே சொல்லி அனுப்பினார் டாக்டர். பஸ் ஸ்டாண்டு வரை அவர் கூடவே நடந்து வந்தேன். ஜெயங்கொண்டம் பஸ் கிளம்புகிற நேரத்தில் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் சட்டைப்பையில் திணித்தார். "இதை நீங்களே வச்சுக்கங்க சம்பந்தி. நான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவர் நம்பிக்கையைப் பாருங்கள். பூனையிடம் கருவாட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பை கனத்தது, வாசனை மூக்குக்கு ஏறியது, கை தானாக மேலே போனது. பஸ் நகர்ந்துவிட்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "சம்பந்தி, என்னால முடியாதுங்க! நீங்களே வச்சுக்கங்க!" என்று கத்திக்கொண்டே பொட்டலத்தை ஜன்னல் வழியாக உள்ளே வீசினேன்.

அன்று சாயந்திரம் சம்பந்தி போன் பண்ணினார். பொட்டலம் அவர் மடியில் விழவில்லையாம், கண்டக்டர் காலடியில் போய் விழுந்ததாம். கண்டக்டர் அதைத் தூக்கிப் பிடித்து, "யாருதுங்க இது?" என்று பஸ் முழுக்கக் கேட்டாராம். ஒருத்தரும் பதில் சொல்லவில்லையாம். பாதிப் பேர் வாயில் போயிலை.